புதன் நல்ல வெயில்

அக்கா ‘ஒருவேளை’ என்று சொல்லி நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இத்தாலியின் தெற்கே, பலெர்மோவில், மார்ச் மாதத்து வானத்தை நம்பி ஒரு கைக்குட்டையைக்கூடக் காயப்போட முடியாது. காலையில் கோட்டைக் கழற்ற வைக்கும் வெயில். பத்து மணிக்குக் கடல் பக்கமிருந்து குளிர்ந்த மழை. மத்தியானம் திரும்பவும் வெயில் வந்து ஆளை ஏமாற்றும். பின்னேரம் தெற்கிலிருந்து சிரோக்கோ என்கிற சூட்டுக் காற்று, ஆபிரிக்காவின் செம்மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட மாதத்தில், வரப்போகிற ஏழு நாளையும் ஒரு மனுஷி ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். நாங்கள் முப்பது நாற்பது பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பெயர் வேண்டாம். எல்லோருக்கும் அவர் அக்காதான்; அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். இப்போது லண்டனில் மகனோடு இருக்கிறார். தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. நான் எடுத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சீசா என்கிற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து இருந்தோம். நால்வரும் மன்னார்ப் பக்கம், நால்வருக்கும் வீட்டு வேலை. அக்கா பொலிதேயாமாப் பகுதியில் ஒரு கப்பல் கப்டனின் விதவையைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கப்டனின் கருநீல மழைக்கோட்டு அக்காவுக்குக் கிடைத்திருந்தது. அக்கா குள்ளம். கோட்டு கணுக்கால்வரை வரும், கைகளை இரண்டு மடிப்பு மடித்து விடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டு தனியாக நடந்து வருகிற மாதிரி இருக்கும் என்று பின்னால் பகிடி பண்ணுவோம். முன்னால் பண்ணத் துணிவில்லை.

சனிக்கிழமைகளில் அந்த விதவைக்கு இரவுச் சாப்பாடு கொடுத்துவிட்டு அக்கா தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்காருவார். சீருடை போட்ட விமானப்படை அதிகாரி ஒருவர் வரைபடத்துக்கு முன்னால் நின்று அந்தக் கிழமையின் வானிலையைச் சொல்லுவார். அக்கா பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதுவார். ஞாயிறு பூசை முடிந்ததும் கத்தோலிக்கக் கோவில் வாசல் படியில் ஏறி நிற்பார். சனம் தானாகக் கூடும்.

“திங்கள் முகில். செவ்வாய் மத்தியானத்துக்குப் பிறகு மழை. புதன் வெயில். வியாழன் காத்து, குடை பிடிக்கேலாது. பகேரியா ஆக்கள், யன்னல் கழுவுறதைச் செவ்வாய் காலமையே முடியுங்கோ. மொன்றியாலேக்குக் குளிர். கம்பளிச் சட்டை கொண்டு போங்கோ.”

வெளியாட்களுக்கு இது விளையாட்டாக இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. எங்கள் பிழைப்பே யன்னல், பல்கனி, மொட்டைமாடி, கம்பளம், துவைத்த துணி. கழுவிய கண்ணாடியில் மறுநாள் செம்மண் மழை பெய்தால் வீட்டு எசமானி, எங்கள் வாயில் சிஞ்ஞோரா, வானத்தைக் கோபிக்க மாட்டார், எங்களைத்தான் கோபிப்பார். பெரும்பாலான சிஞ்ஞோராக்களின் வீட்டில் நாங்கள் தொலைக்காட்சி பார்க்க முடியாது. பார்த்தாலும் அந்த அதிகாரியின் வேகத்துக்கு எங்கள் இத்தாலியன் போதாது. அதனால் அக்கா சொன்னால் வேதவாக்கு.

அந்த அதிகாரி ஒன்றையும் அறுதியாகச் சொல்வதில்லை என்பது பின்னர் மொழி பிடிபட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. வரக்கூடும், வாய்ப்பிருக்கிறது, மாறலாம் என்றுதான் பேசினார். அக்கா அதையெல்லாம் தேங்காய்ப்பூவைப் பிழிந்து சக்கையை எறிவதுபோல எறிந்துவிட்டுப் பாலை மட்டும் எங்களுக்குத் தந்தார். ஒருநாள் கேட்டேன்.

“அக்கா, ரீவீக்காரனே மாறலாம் என்டுதானே சொல்லுறான். நீங்கள் ஏன் அதைச் சொல்லுறேல்லை?”

“மாறலாம் என்டால் சனம் என்ன செய்யிறது பிள்ளை? யன்னலைக் கழுவுறதோ, விடுறதோ? இஞ்சை எங்களுக்கு எல்லாம் மாறலாம் தான். இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஊரிலை சண்டை நிக்கலாம், நிக்காமலும் விடலாம். வானத்தையாவது ஒரு முடிவாய்ச் சொல்லுவம்.”

அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒருமுறை சொன்னதை அவர் திருப்பி எடுக்க மாட்டார். அதுதான் அக்கா. வானிலை மட்டுமில்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். அரைமணி நேரத்தில் இந்த பஸ்தான் வரும் என்று சொல்லிவிட்டால், அதே வழியால் போகிற வேறு மூன்று பஸ் வந்து போனாலும் ஏற மாட்டார். ஒருநாள் நாங்கள் மூவரும் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டுக் கோப்பையும் கழுவிய பிறகு, தான் சொன்ன பஸ்ஸில் வந்து இறங்கினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இன்னொரு நாள் எட்டுப் பேருக்கு இந்தச் சோறு காணும் என்றார். காணவில்லை. தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு, எல்லோரும் எழும்பிய பிறகு குசினியில் நின்றபடி காய்ந்த பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டார். நான் கண்டுவிட்டேன். காணாததுபோல் திரும்பி வந்தேன். அன்று அவர்மேல் எனக்கு வந்த பாசம் உண்மையான பாசம்.

ஒரு தவக்காலத்தில் பங்கு ஆட்கள் எல்லோருமாகப் பெல்லெக்ரீனோ மலையில் ஏறி, இந்த ஊரின் காவல் புனிதையின் குகைக்குப் போனோம். வெயில் என்று அக்கா சொல்லியிருந்தார். பாதி வழியில் மழை கொட்டியது. இடியப்பப் பெட்டி, சம்பல், பிள்ளைகள் எல்லாம் தெப்பமாக நனைந்தன. குகைக்குள் நின்று தலை துடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ, “என்னக்கா இது?” என்றார்கள்.

“இது எங்கட மழை இல்லை. திராப்பானிக்குப் போக வேண்டிய மழை. வழி தவறி வந்திட்டுது.”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு சம்பளம் பிந்தினாலும் குழம்பு அடிப்பிடித்தாலும் எங்கள் வீட்டில் அது திராப்பானி மழைதான்.

நான் அவரை நம்பியதற்கு வேறு காரணமும் இருந்தது. நான் வந்து இறங்கிய புதிதில் வேலையில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். “மூண்டு கிழமையிலை உனக்கு வேலை. எழுதி வை,” என்றார். மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை வேலை கிடைத்தது. அந்த மூன்று கிழமையும் தன் வேலை முடிந்த பிறகு பொலிதேயாமாவில் தனக்குத் தெரிந்த வீட்டுக் கதவையெல்லாம் அவர் தட்டியிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. கப்டனின் விதவையோடு சீட்டு விளையாட வருகிற ஒரு சிஞ்ஞோராவின் வீடு அது. சொன்ன சொல்லை உண்மையாக்க அக்கா காலால் ஓடுவார். வானத்துக்குப் பின்னால் அப்படி ஓட முடியாது என்பது அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

இனி அந்தப் புதன்கிழமை.

என் கணவரும் ஆறு வயது மகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். ஊரைவிட்டு வந்து எட்டு மாதம். பொலிஸில் பதிந்துகொண்டு, வெளியே அதிகம் போகாமல், ஒரு அறைக்குள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கு என்னிடம் எல்லாக் கடதாசியும் இருந்தது, ஒன்றைத் தவிர. நான் இந்த வீட்டில் நிரந்தரமாக வேலை செய்கிறேன் என்று சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டுத் தருகிற கடிதம். அதைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சிஞ்ஞோரா மாட்டேன் என்று சொல்லவில்லை. உயிர்த்த ஞாயிறு வரட்டும், வீட்டு வேலையெல்லாம் முடியட்டும், பிறகு போடுகிறேன் என்றார்.

அந்த வீட்டு வேலையில் பெரியது துணி. சிஞ்ஞோராவின் சீதனத் துணிகள், அவருடைய தாய் கையால் பின்னல் வேலை செய்தவை. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, தலையணை உறை என்று ஒரு பெட்டி நிறைய. பாவிப்பதே இல்லை. வருடத்தில் ஒருதரம், உயிர்த்த ஞாயிறுக்கு முன்னால் கையால் துவைத்து, மொட்டைமாடியில் நல்ல வெயிலில் ஒரே நாளில் காயவைத்து, திரும்பப் பெட்டியில் வைக்க வேண்டும். எந்த நாள் என்பதை நானே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு படியில் அக்கா சொன்னார். “புதன் நல்ல வெயில்.”

செவ்வாய் பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். அக்கா குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அன்று துவைத்த அவருடைய கம்பளிப் போர்வை பல்கனிக் கயிற்றில் தொங்கியது.

“அக்கா, நாளைக்கு வெயில்தானே? துணியெல்லாத்தையும் நாளைக்குத்தான் போடப் போறன். இது நல்லாய் முடிஞ்சால் கடிதம் கையிலை.”

அவர் நிமிரவில்லை. “ஞாயிற்றுக்கிழமை சொன்னனான் தானே,” என்றார்.

நான் கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. அப்போது எனக்கு அது பதிலாகத்தான் கேட்டது.

காலை ஆறு மணிக்கு வெளிக்கிடும்போது பல்கனிக் கயிறு வெறுமையாக இருந்தது. போர்வை உள்ளே கதிரையின் முதுகில் மடித்துக் கிடந்தது. அதைத் தாண்டித்தான் என் கைப்பையை எடுத்தேன். கை பட்டது. ஈரம். பஸ்ஸுக்குப் பிந்துகிறதே என்று ஓடிவிட்டேன்.

எட்டு மணிக்கு முதல் கூடையோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். சிஞ்ஞோராவும் பின்னால் வந்தார். மொன்றியாலே மலைக்கு மேலே வானம் லேசான மஞ்சளாக இருந்தது. அவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். சிரோக்கோ மாதிரி இருக்கிறதே, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்.

இரண்டு வருடம் அந்த வீட்டில் வேலை செய்திருக்கிறேன். வாளி எங்கே, காஸைப் பூட்டினாயா, யார் வந்தது என்றெல்லாம் கேட்டிருக்கிறார். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டது அன்றுதான். எனக்கு முதுகு நிமிர்ந்தது. அக்கா படியில் நிற்பதுபோல நின்றுகொண்டு, “வெயில், சிஞ்ஞோரா. சிக்குரோ,” என்றேன். நிச்சயம் என்று அதற்கு அர்த்தம்.

அவர் என்னை நம்பினார். தலைமயிர் வெட்டப் போய்விட்டார்.

பதினொரு மணிக்குக் காற்று வந்தது. அடுப்பைத் திறந்ததுபோல ஒரு சூடு, அதோடு கண்ணுக்குள் மண். நான் கயிற்றுக்குக் கயிறு ஓடினேன். கிளிப்புகள் தெறித்தன. இரண்டு கையால் எத்தனை விரிப்பைப் பிடிக்கலாம்? பெரிய மேசை விரிப்பு என் கையை உதறிக்கொண்டு போய்த் தொலைக்காட்சி அன்ரெனாவில் சுற்றிக்கொண்டது. இழுத்தேன். கிழிந்தது. கிழிகிற சத்தம் காற்றுக்குள்ளும் கேட்டது. பிறகு பெரிய பெரிய துளியாகச் செந்நிற மழை. நனைந்த வெள்ளைத் துணியெல்லாம் செங்கல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. துணியை மடியில் குவித்து வைத்துக்கொண்டு மாடிப்படியில் இருந்தேன். சிஞ்ஞோரா வரும் வரைக்கும் அப்படியே இருந்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். தாயின் விரிப்பை விரித்துப் பார்த்தார், கிழிந்த இடத்தில் விரலை வைத்தார், மடித்தார். “சிக்குரோ என்று சொன்னாயே,” என்றார். அவ்வளவுதான். உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் இனிக் கிழமைக்கு ஒருநாள் வந்தால் போதும் என்றார். கிழமைக்கு ஒருநாள் வருகிறவளுக்கு நிரந்தர வேலை என்று யார் கடிதம் தருவார்கள்?

புதன் பின்னேரம் நான் வீட்டுக்கு வந்தபோது அக்கா மேசையில் இருந்தார். நான் கோட்டைக் கழற்றவில்லை.

“அக்கா, உங்கட போர்வையை ஏன் உள்ளுக்கு எடுத்தனீங்கள்?”

“காய்ஞ்சிட்டுது.”

“காலமை கை பட்டது. ஈரம்.”

அவர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். “நேற்று மத்தியானமே அங்கை ரீவீயிலை மாத்திச் சொன்னவன்,” என்றார்.

“பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?”

“ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை ஒண்டைச் சொல்லிப்போட்டு, செவ்வாய்க்கிழமை வேறை கதை கதைக்கேலுமே?”

“சனத்துக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லியிருக்கலாம். நான்தானே கேட்டனான். என்ரை பிள்ளை அங்கை அறைக்குள்ளை கிடக்குது அக்கா.”

அப்போதுதான் அவர் சொன்னார். “ஒருவேளை அவன் பிழையாய்ச் சொல்லியிருப்பான் என்டு நினைச்சன்.”

ஒருவேளை மழை வந்தால் என்று தன் போர்வைக்கு அவர் பார்த்தார், என் துணிக்குப் பார்க்கவில்லை. மன்னிப்பு ஒன்று கேட்டிருந்தால் நான் ஆறியிருப்பேனோ தெரியாது. கேட்கவில்லை. இரவு என் அறை வாசலில் ஒரு கோப்பை தேத்தண்ணி வைத்திருந்தார். அதைத் தொட்டியில் ஊற்றினேன்.

அடுத்த ஞாயிறும் அக்கா படியில் ஏறினார். அதே கோட்டு, அதே நாட்காட்டித் தாள். யாரோ சிரித்துக்கொண்டு, “புதன்கிழமை என்னக்கா நடந்தது?” என்றார்கள். “அது துனீசியாக்காரன்டை காத்து. எங்கட இல்லை,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “திங்கள் வெயில். செவ்வாய் வெயில்,” என்று தொடங்கினார். நான் கூட்டத்தின் பின்னால் நின்றேன். அவர் கண் ஒருதரம் என்னில் பட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனது. நான் இல்லாத இடத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார்.

வியா மக்வேதா என்கிற தெருவில் ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கிருந்து கொழும்புக்குக் கதைப்பேன். நடந்ததைக் கணவருக்குச் சொன்னேன். மகளுக்குச் சொல்லவில்லை.

“அம்மா, எப்ப வாறது?”

“அடுத்த மாசம்.”

“நிச்சயமோ?”

“ஓம், நிச்சயம்.”

மாறலாம் என்று சொன்னால் ஒரு சின்னப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று நினைத்தேன். இதை முன்பு யார் வாயால் கேட்டேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவள் தகப்பனைக் கரைச்சல் படுத்தி வெள்ளைச் சப்பாத்து வாங்கியிருந்தாள். பிளேனுக்குப் போட வேண்டும் என்று பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவில்லை. அடுத்த மாதமும் நிச்சயம் என்றேன். அதற்கடுத்த மாதமும். பிறகு ஒருநாள் அவள் தொலைபேசிக்கு வந்தாள், எப்ப என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம், இருமல், லொட்ஜ் பூனை என்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் வாயெடுத்து, “அடுத்த மாசம்,” என்றபோது, “அப்பாட்டைக் குடுக்கிறன்,” என்றாள்.

வேறொரு வீட்டில் வேலை கிடைத்து, வேறொரு கையெழுத்து வாங்கி, அவர்கள் வந்து இறங்க இரண்டு வருடம் ஆனது. அதுவும் ஒரு மார்ச் மாதம். விமான நிலையத்தில் மகள் ரப்பர்ச் செருப்போடு வந்தாள். வெள்ளைச் சப்பாத்து பெட்டி பிரியாமலே சிறிதாகிவிட்டதாம். லொட்ஜில் வேறு ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம்.

அக்கா இருந்த கட்டடத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. வேறு இடம் கிடைத்திருந்தால் போயிருப்பேன். முதல் ஞாயிறு கோவிலில் அக்கா மகளைக் கண்டு படியைவிட்டு இறங்கி வந்தார். தலையைத் தடவி, கையில் இனிப்பு வைத்தார். “இந்த வியாழன் நல்ல வெயில். பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போ,” என்றார். அவரோடு நான் இரண்டு வருடமாகத் தேவைக்கு மேல் கதைத்ததில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து, “வியாழக்கிழமை கடலுக்குப் போறம். நிச்சயம்,” என்றேன் மகளிடம்.

“நிச்சயம் என்டு சொல்லாதேங்கோ அம்மா,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தண்ணி கேட்பதுபோலச் சொன்னாள்.

வியாழக்கிழமை அப்படி ஒரு வெயில். ஒரு முகில் இல்லை, காற்று இல்லை. கணவர் வேலை விசாரிக்கப் போயிருந்தார். முதல் நாள் நான் வாங்கி வந்த சப்பாத்தை மகளுக்கு முன்னால் வைத்தேன். கையில் எடுத்தாள். காலில் போடவில்லை.

“போடன் பிள்ளை, நேரம் போகுது.”

“வெளிக்கிட்ட பிறகு போடுறன்.”

“இப்பதானே வெளிக்கிடுறம்.”

“ஓம். பிறகு போடுறன்.”

சப்பாத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மூன்று மாடியும் இறங்கினாள். எதிர்ப் பல்கனியில் அக்கா கயிற்றில் போர்வையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் குனிந்து, “பாத்தியோ பிள்ளை, சொன்னனான் தானே வெயில் என்டு,” என்றார். நான் நிமிர்ந்து அந்தப் போர்வையைப் பார்த்தேன். மகளின் கையைப் பிடித்து பஸ் தரிப்புக்கு நடந்தேன்.

பஸ் வந்தது, ஏறினோம். யன்னல் ஓரத்தில் இருந்தாள். சப்பாத்து இன்னமும் மடியில்தான் இருந்தது. கதவு மூடுவதைப் பார்த்தாள், எங்கள் கட்டடம் பின்னால் போவதைப் பார்த்தாள். பஸ் சீசாவைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் குனிந்து காலில் போட்டாள்.